தந்தி வேகத்திற்குப் பெயர் தந்த எமில் போதோ

தந்திச் சேவகன் வாயிலில் வந்து நின்றால், உறையைப் பிரிக்கு முன்னரே வீட்டார் உள்ளம் நடுங்கிய காலம் ஒன்று இருந்தது. மார்க்கையன்கோட்டை போன்ற கம்பம் பள்ளத்தாக்கின் ஊர்களில் தந்தி என்றாலே துக்கச் செய்தியோ என்னும் அச்சந்தான் முதலில் எழும். இந்தியாவில் அத் தந்திச் சேவை 2013-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் முடிவுற்றது. ஆயினும் அத் தொழிலில் உழைத்த ஒருவரது பெயர், மின்குறி வேகத்தின் அளவையாக இன்றும் வழங்கி வருகின்றது. 'பாட்' என்று நாம் உச்சரிக்கும் அவ்வளவை, எமில் போதோ என்னும் பிரெஞ்சுக்காரரின் பெயரினின்றும் பிறந்ததாகும். அன்னாரது சரிதம் நம் மாணவர்கள், அதிலும் கிராமங்களினின்று வந்து பயில்வோர், அறிந்திருக்கத் தக்கது.

போதோ 1845-ஆம் ஆண்டு செப்டம்பர் 11-ஆம் நாள் பிரான்ஸ் தேசத்துச் சிற்றூர் ஒன்றில் உழவர் குடியிற் பிறந்தார். ஆரம்பப் பாடசாலைப் படிப்பு ஒன்றே அவர் பெற்ற முறையான கல்வி. அதன்பின் தந்தையாருடன் நிலத்தில் உழைத்து வந்த அவர், 1869-இல் தந்தி இலாகாவில் பயிற்சியாளராக அமர்ந்தார். அங்கே மோர்ஸ் தந்தி முறையையும், எழுத்துக்களை அச்சிட்டுக் காட்டும் ஹியூஸ் யந்திரத்தையும் கற்றார். பிரெஞ்சு, ஜெர்மானியப் போரில் சிறிது காலம் பணியாற்றி, 1872-இல் பாரிஸ் நகர அலுவலுக்குத் திரும்பினார்.

நெடுந்தூரத் தந்திக் கம்பி மிகுந்த பொருட்செலவில் அமைக்கப்படுவது. அத்தகைய கம்பி, ஓர் எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் இடையே வாளா கிடப்பதைப் போதோ கண்டார். அவ் வீணான நேரத்தைப் பிறருக்குப் பகிர்ந்தளித்தல் கூடாதோ என்பதே அவர் சிந்தையில் எழுந்த வினா. முல்லைப் பெரியாற்று நீரால் நெல் விளையும் எங்கள் பக்கத்தார்க்கு இது புதிதன்று. ஒரே வாய்க்காலின் நீரை முறைவைத்துப் பல வயல்களுக்குப் பாய்ச்சுவது போன்றே, ஒரே கம்பியைப் பலருக்கு முறைவைத்துத் தர அவர் வழி கண்டார். சுழன்றுகொண்டேயிருக்கும் பங்கீட்டுக் கருவி ஒன்று, ஒவ்வொரு தந்தியாளரையும் வரிசையாகக் கம்பியோடு இணைத்து விடும். இவ் வேலைக்கு இலாகா ஊக்கமளித்ததாயினும், உழைப்பு முழுவதும் அவரது ஓய்வு நேரத்திலேயே நடைபெற்றது.

மோர்ஸ் முறையில் ஓர் எழுத்து நீண்டும் மற்றோர் எழுத்து குறுகியும் இருக்கும். முறைவைக்க வேண்டுமாயின் எல்லா எழுத்துக்கும் ஒரே அளவு காலம் வேண்டும். ஆதலின் ஒவ்வோர் எழுத்துக்கும் ஐந்து குறிகளை வகுத்தார். ஒவ்வொரு குறியும் இரண்டு நிலைகளில் ஒன்றைக் கொள்ளுமாதலின் 32 சேர்க்கைகள் கிடைத்தன. ஐங்குறி எண்ணம் அவருக்கு முன்னரே ஜெர்மனியில் காஸ், வெபர் என்னும் அறிஞர்களிடத்துத் தோன்றியதுதான். அதனை நாள்தோறும் உழைக்கும் யந்திரமாக ஆக்கியதே போதோவின் பெருமை. 1874-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். 1877-இல் பாரிஸ், போர்தோ நகரங்களுக்கிடையே அது சோதிக்கப்பெற்றது. 1878-ஆம் ஆண்டுப் பாரிஸ் பொருட்காட்சியில் தங்கப்பதக்கம் அளிக்கப்பெற்றது. பின்னாளில் இந்தியத் தந்தி இலாகாவும் இம்முறையைக் கையாண்டது.

தந்தியாளர் இடக்கையால் இரண்டு கட்டைகளையும், வலக்கையால் மூன்று கட்டைகளையும் தாளம் தவறாது அழுத்த வேண்டும். பங்கீட்டுக் கருவி நிமிஷத்திற்கு 180 முறை சுழன்றது. சுற்றுக்கு ஓரெழுத்தாக ஒருவர் 180 எழுத்துக்கள் அனுப்பலாம். இடைவெளி உட்பட ஒரு சொல்லுக்கு ஆறெழுத்தாகக் கணக்கிட்டால் 30 சொற்களாகும். நால்வர் அமர்ந்தால் ஒரே கம்பியில் 120 சொற்கள் சென்றன.

இலாகாவிற் சேர்ந்த சில காலத்திலேயே போதோவின் உடல்நலம் குன்றியது. அந்நோய் அவரை இறுதிவரை விடவில்லை. எனினும் யந்திரத்தைத் திருத்துவதை அவர் கைவிடவில்லை. 1894-இல் பாரிஸ், மிலான் பங்குச் சந்தைகளைத் தம் முறையால் இணைத்தார். 1903-ஆம் ஆண்டு மார்ச்சு 28-ஆம் நாள், தம் 57-ஆம் வயதில் காலமானார்.

அவர் மறைந்து இருபது ஆண்டுகளுக்கு மேலான பின், வினாடிக்கு ஒரு குறி என்னும் வேகத்திற்குச் சர்வதேசத் தந்தி நிபுணர்கள் அவர் பெயரை இட்டனர். இவ்வளவையை மாற்றிக் கணிப்பதில் பலர் இடறுவதுண்டு. 50 பாட் வேகமுள்ள டெலிபிரிண்டரில் ஐந்து குறிகளோடு, தொடக்கத்திற்கு ஒன்றும் முடிவுக்கு ஒன்றரையும் சேர்ந்து, எழுத்துக்கு ஏழரைக் குறி ஆகும். எனவே நிமிஷத்திற்கு 400 எழுத்துக்கள், அதாவது ஏறக்குறைய 66 சொற்களே செல்லும். ஐந்தால் மட்டும் வகுப்பவர் 100 சொற்கள் என்று பிழையாகக் கூறுவர். பிற்காலத்து மோடம் ஒன்றிலோ, ஒரு குறியே நான்கு பிட்டுகளைச் சுமந்தது. அதனால் 600 பாட் வேகம் வினாடிக்கு 2400 பிட்டுகளாயிற்று. ஆகவே பாட்டும் பிட்டும் ஒன்றெனக் கொள்ளுதல் தவறு. வண்டிகளை எண்ணுவது ஒன்று. வண்டி சுமக்கும் மூட்டைகளை எண்ணுவது வேறு.

கற்றது ஆரம்பக் கல்வியேயாயினும், தம் கண்முன் ஒரு கம்பி வீணே கிடப்பதைக் கூர்ந்து நோக்கியவர் போதோ. பட்டம் பெறும் வாய்ப்புடைய நாம், நம் கண்முன் வீணே கிடப்பவற்றை அவ்வாறு நோக்குகின்றோமா என்று நம்மையே கேட்டுக்கொள்ளுதல் நலம்.