ஐந்து மலைகளை நாடிய அம்மையார்

கொல்லிமலை என்றதும் வல்வில் ஓரியும் ஆகாயகங்கை அருவியும் அறப்பளீசுவரர் கோயிலும் நம் நெஞ்சில் தோன்றும். அம்மலையையே தம் இல்லமாக்கிக்கொண்ட ஆங்கில மாது ஒருவரை நம்முள் பலர் அறியார். அவரே ஈவ்லின் பிராண்ட்.

1879-இல் இங்கிலாந்தில் செல்வக் குடியில் பிறந்து ஓவியக்கலை பயின்றவர் அவர். ஓவியர் ஒருவர் இந்நாட்டில் காண விரும்புவன எத்தனை! தாஜ்மகால் உண்டு, காசியின் படித்துறைகள் உண்டு, இமயத்தின் பனிமுடிகள் உண்டு. சமயப்பணிக்கெனச் சென்னைக்கு வந்த அவரோ, ஜெஸ்ஸி பிராண்டை 1913-இல் மணந்து, காய்ச்சலுக்கு அஞ்சிச் சமவெளி மக்களே ஏறத் தயங்கிய கொல்லிமலையை ஏறினார். எழுபது கொண்டையூசி வளைவுகளில் இன்று பேருந்தில் செல்லும் நமக்கு அந்தக் கால்நடைப் பயணத்தின் கடுமை விளங்குவது அரிது.

பள்ளி, மருந்து, வேளாண்மை எனக் கணவனும் மனைவியும் உழைத்தனர். நரம்புச் சிலந்தி நோய் பரவாதிருக்க, நீரில் எவரும் கால் வைக்காதபடி கிணறுகளுக்குச் சுற்றுச்சுவர் எழுப்பச் செய்தனர். கொல்லிமலையோடு அண்டைய மலைகளையும் சேர்த்து ஐந்து மலைத்தொடர்களுக்கும் செல்வதே அவர்கள் கனவு. அக்கனவு நிறைவேறுமுன், 1929 ஜூனில் ஜெஸ்ஸி காய்ச்சலுக்கு இரையானார். மக்கள் இருவரும் அப்போது இங்கிலாந்தில் படித்துக்கொண்டிருந்தனர். மூத்தவரான பால் பிராண்டே பின்னாளில் வேலூரில் தொழுநோயாளரின் முடங்கிய கைகளை அறுவை மருத்துவத்தால் இயங்கவைத்த பேரறிஞர்.

அம்மையாரைச் சங்கத்தார் சமவெளிப் பணிக்கு மாற்றினர். எழுபதை நெருங்கிய வயதில் ஓய்வு பெறுமாறும் கூறினர். கொல்லிமலையில் ஓராண்டு மட்டும் இருக்க இசைவு கேட்டார், அரைமனத்தோடு அளித்தனர். ஆண்டு முடிந்ததும் அவர் சங்கத்திலிருந்து விலகினாரேயன்றி மலையினின்று இறங்கவில்லை! கீழ்ப்படியாமை என்று இதனைச் சிலர் கூறலாம். பதினெட்டு ஆண்டுக் கனவு சங்க விதிகளைவிட மூத்ததன்றோ?

அதன்பின் கல்வராயன் முதலிய மலைகளுக்கு மட்டக்குதிரை மீதேறிப் புறப்பட்டார். விழுந்து எலும்பு முறிந்தது. இரு மூங்கிற்கோல்களை ஊன்றி நடந்தார். மகன் கெஞ்சியும் இறங்கி வரவில்லை. தம் முதுமையைத் தாமே காண விரும்பாமல், இறுதி இருபது ஆண்டுகள் வீட்டில் கண்ணாடியே வைத்திலர்.

1974 டிசம்பரில், தம் 95-ஆம் வயதில் அவர் மறைந்தார். கொல்லிமலையில் கணவரின் கல்லறைக்கு அருகே அவரை அடக்கம் செய்தனர்.