நல்லூர் முதல் டோனாவூர் வரை: நெல்லைச் சீமையில் புது ஊர்களை உருவாக்கிய ஜெர்மன்காரர்... யார் இந்த ரேனியஸ்?

குற்றாலத்தில் சீசன் ஆரம்பிச்சாச்சுன்னா நெல்லை - தென்காசி சாலையில் வண்டிகளுக்குக் குறைவே இருக்காது. ஆலங்குளம், பாவூர்சத்திரம் என்று ஊர்களைத் தாண்டி சாரலைப் பிடிக்கும் அவசரத்தில் போகிறவர்கள், ஆலங்குளம் பக்கத்தில் இருக்கும் நல்லூரைக் கவனிப்பது அபூர்வம். இன்னைக்கு அமைதியாக இருக்கும் இந்த வட்டாரம், 1845-ல் மதராஸ் வரை பேசப்பட்ட ஒரு கலவரத்தைப் பார்த்த இடம்.

அந்தக் கலவரத்துக்கு ஏழு வருஷம் முன்பே இறந்துபோன ஒருவரிடமிருந்துதான் இந்தக் கதையைத் தொடங்கணும். அவர் பெயர் சார்லஸ் தியோபிலஸ் எவால்ட் ரேனியஸ். நெல்லை கிறிஸ்தவர்கள் 'திருநெல்வேலி அப்போஸ்தலர்' என்று சொல்லும் மனிதர். ஆனால் அவரை அனுப்பிய சபையே அவரை வேலையிலிருந்து நீக்கியது என்பது பலருக்குத் தெரியாது.

பிரஷ்யாவிலிருந்து பாளையங்கோட்டைக்கு

ரேனியஸ் பிறந்தது 1790 நவம்பர் 5-ல், பிரஷ்யாவின் கிராவுடென்ஸ் கோட்டையில். இப்போ அந்த ஊர் போலந்தில் இருக்கிறது. அப்பா ராணுவ அதிகாரி. ரேனியஸுக்கு ஆறு வயது இருக்கும்போதே அப்பா இறந்துவிட்டார். இளைஞரான பிறகு பெர்லினில் யோஹான்னஸ் யெனிக்கே என்ற போதகர் நடத்திய மிஷனரி பள்ளியில் சேர்ந்தார்.

இந்த யெனிக்கேயின் தம்பி ஜோசப் டேனியல் யெனிக்கே ஏற்கெனவே 1790-களில் பாளையங்கோட்டையில் ஊழியம் செய்தவர். அதாவது தாமிரபரணிக் கரையைப் பார்ப்பதற்குப் பல வருஷம் முன்பே, அந்த ஊர் தெரிந்த குடும்பத்திடம்தான் ரேனியஸ் பாடம் படித்திருக்கிறார்.

லண்டனைச் சேர்ந்த சர்ச் மிஷனரி சொசைட்டி, சுருக்கமாக சி.எம்.எஸ்., அவரை இந்தியாவுக்கு அனுப்பியது. 1814 ஜூலையில் சென்னை வந்து இறங்கினார். தரங்கம்பாடியில் சில மாதம் தமிழ் படித்துவிட்டு, அடுத்த சில வருஷங்களைச் சென்னையிலேயே கழித்தார். பாளையங்கோட்டையில் ராணுவ போதகராக இருந்த ஜேம்ஸ் ஹஃப் அங்கே பள்ளிகளைத் தொடங்கி, தொடர்ந்து நடத்த ஆள் வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தார். அப்படித்தான் 1820 ஜூலை 7-ல் ரேனியஸ் பாளையங்கோட்டைக்கு வந்து சேர்ந்தார். அப்போ அவருக்கு 29 வயது.

முதல் ஊரை அமைத்தது அவர் இல்லை

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிடணும். நெல்லையில் கிறிஸ்தவர்களுக்கென்று தனி ஊர் அமைக்கும் யோசனை ரேனியஸோடது இல்லை. சாத்தான்குளம் பக்கத்தில் காலன்குடியைச் சேர்ந்த சின்னமுத்து என்ற இளைஞர் தஞ்சாவூர் போய், டேவிட் சுந்தரானந்தமாகத் திரும்பி வந்தார். அவரால் மதம் மாறிய சொந்தக்காரர்களும் ஊர்க்காரர்களும் பழைய ஊரில் நிம்மதியாக இருக்க முடியவில்லை. 1799-ல் தனியாக நிலம் வாங்கி ஒரு ஊர் உருவானது. அதுக்கு வைத்த பெயர் முதலூர். கயத்தாறில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட அதே வருஷம்.

ரேனியஸைப் பற்றி எழுதும் பலர் இந்த டேவிட்டை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். அது நியாயமாகப் படவில்லை. ரேனியஸ் செய்தது, ஒரு தமிழர் தொடங்கிய வழியைப் பெரிதாக்கியதுதான்.

ஏன் தனி ஊர் தேவைப்பட்டது?

மதம் மாறியவர்களில் பெரும்பாலோர் பனையேறிகள். இன்று நாடார் என்று அறியப்படும் சமூகத்தைச் சேர்ந்தவர்கள். பலருக்குக் குடியிருக்கும் வீடு சொந்தம், ஆனால் அது நிற்கும் மண் சொந்தமில்லை. ஏறுகிற பனையும் வேறொருத்தருடையதாக இருக்கும். கோயில் கொடைக்கு வரி கொடுக்க மாட்டோம் என்று சொன்ன அடுத்த நாளே மண்ணின் சொந்தக்காரர் வீட்டைக் காலி பண்ணச் சொல்லலாம். வீடு எரிப்பு, பொய் வழக்கு, கிணற்றில் தண்ணீர் எடுக்கத் தடை எல்லாம் அடுத்தடுத்து வரும்.

இதுக்கு ரேனியஸ் கண்ட பதில் ரொம்ப சிம்பிள். காலடியில் இருக்கும் மண்ணை வாங்கிவிடு!

1830-ல் தர்ம சங்கம் என்ற அமைப்பை ஏற்படுத்தினார். இதுக்கு உள்ளூர் கிறிஸ்தவர்களும் உபதேசியார்களும் பணம் போட்டார்கள். அந்தப் பணத்தில் நிலம் வாங்கி, நேர்த் தெருக்கள் போட்டு, நடுவில் ஒரு கோயில், பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடம் என்று குடியிருப்புகள் எழுந்தன. நிலம் சங்கத்தின் பேரில் இருந்ததால் தனி ஒருத்தர் நினைத்தால் யாரையும் கிளப்ப முடியாது. உபதேசியார்கள் இறந்தால் அவர்களின் மனைவிமார் பட்டினி கிடக்கக் கூடாது என்று விதவைகளுக்கான ஒரு நிதியும் தொடங்கப்பட்டது.

நெடுவிளை மெய்ஞ்ஞானபுரம் ஆனது இப்படித்தான். களக்காடு பக்கம் புலியூர்க்குறிச்சிக்கு டோனாவூர் என்று பெயர் வந்ததும் இதே காலத்தில்தான். பிரஷ்யாவின் டோனா பிரபு கொடுத்த பணத்தில் நிலம் வாங்கி கோயில் கட்டியதால் அவர் பெயரே ஊருக்கு வந்துவிட்டது. பிற்காலத்தில் எமி கார்மைக்கேல் குழந்தைகள் இல்லம் நடத்தியது இங்கேதான். 1835 வாக்கில் ரேனியஸின் பொறுப்பில் இருந்த கிறிஸ்தவர்கள் எண்ணிக்கை பத்தாயிரத்தைத் தாண்டியது.

இதில் எல்லாமே நல்லதாகத்தான் இருந்ததா என்று கேட்டால், இல்லை. பழைய பண்ணையாரிடமிருந்து தப்பித்தவர்கள் மேல் உபதேசியாருக்கும் மிஷனுக்கும் புது அதிகாரம் வந்தது. ஆராதனைக்கு வராதவர், குடித்தவர் எல்லாம் கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். பல ஊர்கள் ஒரே சாதி ஊர்களாகவே உருவானதால் சாதி வேறு வடிவத்தில் அங்கேயே உட்கார்ந்துகொண்டது. இத்தனைக்கும் ரேனியஸ் இந்த விஷயத்தில் கறாரானவர். பாளையங்கோட்டையில் அவர் நடத்திய மாணவர் விடுதியில், மற்ற சாதிப் பையன்களோடு உட்கார்ந்து சாப்பிட மாட்டோம் என்று வேளாளப் பையன்கள் மறுத்தபோது, பள்ளியையே மூடிவிட்டு, சேர்ந்து சாப்பிடச் சம்மதித்தவர்களை வைத்து மறுபடி தொடங்கினார்.

வெள்ளைக்காரருக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்த கவிராயர்

ரேனியஸின் தமிழுக்குப் பின்னால் இருந்தவர் திருப்பாற்கடல்நாதன் கவிராயர். அவரிடம் பல வருஷம் பாடம் கேட்டதன் பலன் ரேனியஸ் எழுதிய புத்தகங்களில் தெரியும். 1832-ல் வந்த 'பூமிசாஸ்திரம்' தமிழில் அச்சான ஆரம்பகால புவியியல் நூல்களில் முக்கியமானது. உலகம் உருண்டை, கண்டங்கள் எத்தனை, நாடுகள் என்னென்ன என்று தமிழ்ப் பையன்கள் தமிழிலேயே படிக்க முடிந்தது. ஆங்கிலேயர்களுக்காக ஒரு தமிழ் இலக்கண நூலும் எழுதினார்.

ஃபபிரிஷியஸின் பழைய பைபிள் மொழிபெயர்ப்பு மூலத்தை ஒட்டியே போவதால், கேட்கிறவருக்குப் புரியவில்லை என்பது ரேனியஸின் குறை. புதிய ஏற்பாட்டை அவரே எளிய தமிழில் கொண்டுவந்தார். சொல்லுக்குச் சொல் போடுவதா, பொருளுக்குப் பொருள் போடுவதா என்ற சண்டை அப்போதே பெரிதாக நடந்தது. மொழிபெயர்ப்பு வேலை செய்கிறவர்களுக்கு இந்தச் சண்டை இன்னும் முடியவில்லை என்று தெரியும்!

பாளையங்கோட்டை முருகன்குறிச்சியில் இருக்கும் ஊசிக்கோபுரம், அதாவது தூய திரித்துவ பேராலயம், 1826-ல் ரேனியஸ் காலத்தில் கட்டப்பட்டதுதான். இடம் கிடைக்க உதவியவர் வெங்கு முதலியார் என்ற இந்து நண்பர்.

வேலையை விட்டு நீக்கியது ஏன்?

ரேனியஸ் ஜெர்மன் லுத்தரன். சி.எம்.எஸ். இங்கிலாந்து திருச்சபையைச் சேர்ந்தது. ஆரம்பத்தில் இது யாருக்கும் பிரச்சினையாக இல்லை, ஏன்னா இந்தியாவுக்கு வர அப்போ ஆங்கிலேய போதகர்கள் அவ்வளவாகக் கிடைக்கவில்லை. சபைகள் பெருகியதும் கேள்வி எழுந்தது. ஊர் ஊராக உழைத்துக்கொண்டிருந்த தமிழ் உபதேசியார்களைக் குருவாக அபிஷேகம் செய்வது யார்? ஆங்கிலிக்கன் பேராயர்தான் செய்யணும் என்றது சி.எம்.எஸ். லுத்தரன் முறையில் நாங்களே செய்வோம் என்று ரேனியஸ் நின்றார். ஆட்கள் தேவைப்படுவது இங்கே, பேராயர் இருப்பதோ கல்கத்தாவில்.

இந்த நிலைமையில் ஆங்கிலிக்கன் சபை முறையைப் புகழ்ந்து ஹார்ப்பர் என்பவர் எழுதிய புத்தகத்துக்கு ரேனியஸ் காரசாரமாக ஒரு விமர்சனம் எழுதி அச்சிட்டார். அதோடு உறவு முறிந்தது. 1835-ல் சி.எம்.எஸ். அவரை நீக்கியது. 15 வருஷம் உழைத்த இடத்தை விட்டுக் குடும்பத்தோடு ஆற்காடு போனார்.

சரி, அதோடு முடிந்ததா? இல்லை. உபதேசியார்கள் பலர் திரும்பி வரச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அதே வருஷம் அவர் நெல்லைக்கே திரும்பி, சி.எம்.எஸ்.ஸுக்குப் போட்டியாகத் தனி மிஷன் நடத்தினார். விளைவு? ஒரே ஊரில் இரண்டு கட்சி. கோயில் யாருக்கு, பள்ளி யாருக்கு, தர்ம சங்கத்து நிலம் யாருக்கு என்று சண்டை. நிலத்துக்காகவே ஒன்று சேர்ந்த ஜனங்கள், லண்டனுக்கும் பெர்லினுக்கும் நடந்த சண்டையில் பிரிந்து நின்றார்கள். திரும்பி வந்தது ரேனியஸ் செய்த தப்பு என்று சொல்பவர்கள் உண்டு. கூப்பிட்டது ஊர்க்காரர்கள் என்பதையும் சேர்த்துத்தான் அதைப் பார்க்கணும்.

இந்தப் பிளவு மூன்று வருஷம் நீடித்தது. 1838 ஜூன் 5-ல், 47 வயதில் ரேனியஸ் பாளையங்கோட்டையில் இறந்தார். அவர் கல்லறை அங்கே அடைக்கலபுரத்தில் இருக்கிறது. தலைவர் போனதும் கட்சியும் கலைந்தது. கூட இருந்த ஷாஃப்டரும் முல்லரும் சி.எம்.எஸ்.ஸுக்கே திரும்பினார்கள்.

மறுபடி நல்லூர்

அந்த ஷாஃப்டர் தங்கிப் பணியாற்றிய ஊர்தான் நாம் ஆரம்பத்தில் பார்த்த நல்லூர். 1840-களில் மதமாற்றத்துக்கு எதிராக நெல்லைச் சீமையில் விபூதி சங்கம் உருவானது. 1845 கடைசியில் நல்லூர் வட்டாரத்தில் கிறிஸ்தவர்களின் வீடுகள் சூறையாடப்பட்டன. வழக்கில் ஏராளமானவர்கள் தண்டிக்கப்பட்டு, மேல்முறையீட்டில் பலர் விடுதலையானார்கள். மதராஸ் அரசு மிஷனரிகளுக்குச் சாதகமாக நடக்கிறதா என்று வெளிப்படையாகக் கேள்வி கேட்ட நீதிபதி மால்கம் லெவின் பதவியையே இழந்தார். மண்ணை வாங்கிக் கொடுத்தால் பாதுகாப்பு வந்துவிடும் என்ற ரேனியஸின் கணக்கு, அந்த வருஷம் அங்கே பலிக்கவில்லை.

ஆனாலும் ஜனங்கள் ஊரைக் காலி பண்ணிப் போய்விடவில்லை. ஒரே ஜில்லாவாக இருந்த பழைய நெல்லைச் சீமை இன்று மூன்று மாவட்டமாகப் பிரிந்து கிடக்கிறது. டோனாவூர் நெல்லையிலும், மெய்ஞ்ஞானபுரமும் முதலூரும் தூத்துக்குடியிலும், 2019-ல் மாவட்டம் பிரிந்த பிறகு நல்லூர் தென்காசியிலும் இருக்கின்றன. தமிழ் உபதேசியார்களைக் குருவாக்கும் சண்டையில்தானே ரேனியஸ் வேலை போனது? அதே மண்ணின் வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1912-ல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார்.