இரத்த வகை கண்ட மேதை கார்ல் லேண்ட்ஸ்டெய்னர்

 

19ஆம் நூற்றாண்டில், இரத்தம் இழந்து உயிருக்குப் போராடியோர்க்குப் பிறர் இரத்தத்தை ஏற்றிப் பார்த்தனர். சிலர் பிழைத்தனர், சிலரோ அதனாலேயே மாண்டனர். காரணம் எவர்க்கும் விளங்கவில்லை. அதனைக் கண்டறிந்தவரே கார்ல் லேண்ட்ஸ்டெய்னர்.

இவர் 1868ஆம் ஆண்டு ஜூன் 14ஆம் நாள் ஆஸ்திரியாவில் பிறந்தார். ஆறு வயதில் தந்தையை இழந்த இவரைத் தாயே வளர்த்து ஆளாக்கினார். 1891இல் மருத்துவப் பட்டம் பெற்றார்.

வியன்னா நகரில் தம் இரத்தத்தையும் உடன் பணியாற்றியோர் இரத்தத்தையும் எடுத்து, சிவப்பணுக்களையும் தெளிநீரையும் தனித்தனியே பிரித்தார். ஒருவருடைய அணுக்களை மற்றவருடைய தெளிநீரோடு கலந்தார். சில கலவைகளில் அணுக்கள் கட்டிகட்டியாய்த் திரண்டன; சிலவற்றில் மாற்றமில்லை. பொருந்தாத இரத்தமே உயிரைப் பறித்தது என்பது புலனாயிற்று. 1901இல் மூன்று வகைகளை அறிவித்தார். மறு ஆண்டு அவர்தம் சகாக்கள் நான்காவதையும் கண்டனர். அவையே ஏ, பி, ஓ, ஏபி என்பன. 1930இல் நோபல் பரிசு இவரை நாடி வந்தது.

பின்னர் அமெரிக்காவில் பணியாற்றிய இவர், 1940இல் வீனர் என்பாருடன் ஆர்எச் எனும் கூறினை வெளியிட்டார். தாய்க்கு அக்கூறு இல்லாது சேய்க்கு இருப்பின், தாயின் உடல் அதனைப் பகையெனக் கருதி எதிர்ப்பொருளை உண்டாக்கக்கூடும். முதற்குழந்தை பெரும்பாலும் தப்பிவிடும். அடுத்து வரும் குழந்தைக்கோ சிவப்பணுக்கள் அழிந்து, கடும் சோகையும் மஞ்சள் காமாலையும் நேரலாம். இன்று தக்க காலத்தில் ஊசி போட்டு இதனைத் தடுக்க முடிகிறது.

1943ஆம் ஆண்டு ஜூன் 24ஆம் நாள் ஆய்வுக்கூடத்திலேயே மாரடைப்புற்று, இரு நாள்களில் காலமானார். அவர் காட்டிய வழியில், 1952இல் பம்பாயில் மருத்துவர் பெண்டேயும் சகாக்களும் அரியதொரு வகையைக் கண்டனர். ஓ போலத் தோன்றும் அவ்வகையினர்க்கு ஓ இரத்தமும் ஒவ்வாது.

உடன்பிறந்தார் இரத்தம் கட்டாயம் பொருந்தும் என நம்புவோர் நம் டெங்கில் வட்டாரத் தோட்டங்களிலும் உளர். ஒரு வயிற்றுப் பிள்ளைகளுக்கும் வகை வேறுபடலாம்; மலாய்க்காரர், சீனர் இரத்தம் நமக்குப் பொருந்தலாம். இரத்தம் சாதியும் இனமும் அறியாது.

ஆகவே பெரியோர்கள் தத்தம் இரத்த வகையை அறிந்து வைத்தல் வேண்டும். கருவுற்ற தாய்மார்கள் நாள் கடத்தாது சுகாதார நிலையம் சென்று பரிசோதித்துக் கொள்ள வேண்டும். அம்மேதை பிறந்த ஜூன் 14ஆம் நாளே 2004 முதல் உலக இரத்த தான நாளாகக் கொண்டாடப்படுகிறது. மாணவர்களே, வளர்ந்தபின் நீங்களும் இரத்தம் வழங்கி ஓர் உயிரைக் காப்பீர்கள் என நம்புகிறோம்.