பெரோஸ்ஷா மேத்தா: மும்பை மாநகராட்சி வாசலில் நிற்கும் இவர் யார்?

மும்பை சிஎஸ்எம்டி ரயில் நிலையத்துக்கு எதிரே மாநகராட்சித் தலைமையகம். அதன் முன்னால் ஒரு சிலை. வேலைக்காக மும்பை போனவர் என்றால், நீங்க அதைப் பல தடவை கடந்து போயிருப்பீங்க. அது சர் பெரோஸ்ஷா மேத்தா. 1890-ல் கல்கத்தா காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர்தான். ஆனால் மும்பை அவரை நினைவில் வைத்திருப்பது ஒரு கவுன்சிலராக.

எங்கே தொடங்கியது?

1845-ல் பம்பாயில் ஒரு பார்சி வணிகக் குடும்பத்தில் பிறந்தார். எல்பின்ஸ்டன் கல்லூரியில் படித்து, லண்டன் போய், 1868-ல் பாரிஸ்டராகத் திரும்பினார்.

அப்போது நகரத்தை நடத்தியவர் ஆர்தர் கிராஃபோர்ட் என்ற கமிஷனர். ஆமாம், கிராஃபோர்ட் மார்க்கெட்டுக்குப் பெயர் கொடுத்த அதே ஆள். சாலை, சாக்கடை, மார்க்கெட் என வேகமாக வேலை செய்தார்; செலவும் கையை மீறிப் போனது. 1871-ல் வரி கட்டுகிறவர்கள் கொதித்தெழுந்தார்கள்.

இளைஞரான மேத்தா இதில் கூட்டத்தோடு சேரவில்லை. கிராஃபோர்ட் செய்த நல்ல வேலைகளை எடுத்துச் சொன்னார். தனி மனிதரைத் துரத்தினால் போதாது, கணக்குக் கேட்க மக்கள் தேர்ந்தெடுத்த சபை வேண்டும் என்பது அவர் வாதம். வந்திருந்தவர்களுக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் 1872-ல் வந்த சட்டம், 64 உறுப்பினர்களில் பாதிப் பேரை வரி செலுத்துவோர் தேர்ந்தெடுக்க வழி செய்தது.

1888 சட்டம் ஏன் முக்கியம்?

பம்பாய் மாநகராட்சிச் சட்டம் உருவானதில் மேத்தாவுக்குப் பெரிய பங்கு உண்டு. ஐடியா சிம்பிள்தான்: வேலையை நடத்தும் அதிகாரம் அரசு நியமிக்கும் கமிஷனரிடம், பட்ஜெட்டும் கேள்வி கேட்கும் உரிமையும் சபையிடம். ஒருவர் வேகமாக ஓடலாம், ஆனால் பர்ஸ் இன்னொருவர் கையில்.

மாநகராட்சித் தலைவராக 1884, 1885, 1905 ஆண்டுகளில் மேத்தாவே இருந்தார். அவர் பிடி எவ்வளவு இறுகியது என்றால், 1907 தேர்தலில் மூத்த ஆங்கிலேய அதிகாரிகள் சிலர் சேர்ந்து அவரைத் தோற்கடிக்கத் திட்டம் போட்டார்கள். ஜஸ்டிஸ் ஆஃப் தி பீஸ் உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கும் 16 இடங்களில் மேத்தாவுக்குக் கிடைத்தது 17-வது இடம். பிறகு ஜெயித்தவர்களில் ஒருவர் தகுதியிழக்க, அவர் உள்ளே வந்துவிட்டார். 1915-ல் இறக்கும்வரை நகர அரசியலில் அவர் பெயர் குறையவில்லை.

எல்லாமே பாராட்டத்தக்கதா?

இல்லை. 1888 சபையின் 72 பேரில் வார்டுகளில் தேர்வானவர்கள் 36 பேர்தான். அந்த ஓட்டும் வரி கட்டுகிறவர்களுக்கு மட்டும். நகரத்தை ஓட வைத்த மில் தொழிலாளிக்கு அதில் இடமே இல்லை. மேத்தாவின் ஜனநாயகம், சொத்துள்ளவர்களின் ஜனநாயகமாகவே இருந்தது.

இன்றைக்கு உங்களுக்கு என்ன?

திருத்தங்களோடு அதே 1888 சட்டம்தான் மும்பையை இன்றும் நடத்துகிறது. இப்போது எல்லோருக்கும் ஓட்டு உண்டு, 227 வார்டுகள். ஆனால் கமிஷனரை நியமிப்பது இன்றும் மாநில அரசு. மேயர் பதவி பெரும்பாலும் அலங்காரம்.

2022 மார்ச்சில் கவுன்சிலின் காலம் முடிந்தது. அடுத்த மூன்று ஆண்டுகளுக்கும் மேலாகத் தேர்தலே இல்லை, கமிஷனரே நிர்வாகி. 2025-26 பட்ஜெட் 74,000 கோடி ரூபாய்க்கு மேல். அதைக் கேள்வி கேட்க வேண்டிய சபை அப்போது இல்லை. மேத்தா போட்ட கணக்கில் பாதி மட்டும் ஓடியது, அதுவும் அவர் அடக்கி வைக்க நினைத்த பாதி.

அதனால் அடுத்த முறை தெருவில் தண்ணீர் தேங்கும்போது, கமிஷனர் பெயரோடு இன்னொரு பெயரையும் தேடிப் பாருங்க: உங்க வார்டு கவுன்சிலர் யார்? அந்த நாற்காலி காலியாக இருந்தால், கேள்வியை அங்கிருந்தே தொடங்கலாம்.