வாழவந்தியில் வாழ வந்தவர்

நுழையும்முன்

பிறந்த நாட்டைவிட்டுப் பிற நாட்டு மக்களுக்குத் தொண்டாற்றச் செல்வோர் இன்று பலர். பள்ளியில் கற்பிக்கவும், காடு வளர்க்கவும், சிற்றூர்களில் குடிநீர் வசதி செய்யவும் இளைஞர்கள் கடல் கடந்து செல்கின்றனர். அவர்களுள் பெரும்பாலோர் சில வாரங்களோ சில மாதங்களோ தங்கித் திரும்பிவிடுகின்றனர். சென்ற ஊரின் மொழியைக் கற்று, அவ்வூரின் நோயைத் தாமும் ஏற்று, அம்மண்ணிலேயே அடங்கியோர் மிகச் சிலரே. அவர்களுள் ஒருவர் நம் நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் வாழ்ந்த எவலின் பிராண்டு அம்மையார்.

மலையும் மக்களும்

நாமக்கல், சேந்தமங்கலம், இராசிபுரம் ஆகிய ஊர்களைச் சூழ்ந்த சமவெளியில் நின்று நோக்கினால், நீலநிறச் சுவர்போல் உயர்ந்து நிற்கும் கொல்லிமலை கண்ணில் படும். கடையெழு வள்ளல்களுள் ஒருவரான வல்வில் ஓரி ஆண்ட மலை இது. சங்கப் புலவர்கள் இதன் வளத்தையும் கொல்லிப்பாவையின் அழகையும் போற்றியுள்ளனர். கடல் மட்டத்திலிருந்து 1000 மீட்டருக்கும் மேல் உயர்ந்த இம்மலையில் சாமையும் கேழ்வரகும் நெல்லும் பலாவும் மிளகும் விளைகின்றன. மலையாளி என்னும் பழங்குடி மக்கள் இங்குத் தொன்றுதொட்டு வாழ்ந்து வருகின்றனர்.

எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்ட சாலையில் இன்று பேருந்துகள் மலையேறுகின்றன. நூறு ஆண்டுகளுக்கு முன் அத்தகைய சாலை இல்லை. செங்குத்தான ஒற்றையடிப் பாதையில் மணிக்கணக்கில் நடந்தே ஏறவேண்டும். இயலாதவரைத் தோளில் சுமந்து செல்லவேண்டும். மலைக்காய்ச்சல் என்று மக்கள் அஞ்சிய மலேரியா அங்கு நிலைகொண்டிருந்தது. சமவெளியினர் இரவில் மலைமேல் தங்கத் தயங்கினர். மருத்துவரோ ஆசிரியரோ அம்மலையில் நிலையாகத் தங்கிப் பணிசெய்வது அரிதினும் அரிதாக இருந்தது. அக்காலத்தில் இப்பகுதி முழுவதும் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. நாமக்கல் தனி மாவட்டமாக உருவானது 1997ஆம் ஆண்டில்தான்.

இலண்டனிலிருந்து சேந்தமங்கலத்துக்கு

எவலின் 1879ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்தார். இலண்டன் மாநகரில் வசதி மிக்க வணிகக் குடும்பத்தில் வளர்ந்தார். ஓவியம் பயின்றார். நல்லாடைகளும் நாகரிக வாழ்வும் அவருக்கு எளிதில் வாய்த்தன. எனினும், அவ்வாழ்வு அவருக்கு நிறைவளிக்கவில்லை. கிறித்தவச் சமயப்பணியில் ஈடுபட விரும்பிய அவர், முப்பது வயதைக் கடந்த நிலையில் சென்னைக்கு வந்து தமிழ் கற்கத் தொடங்கினார். அவ்வயதில் புதிய மொழியைக் கற்பது எளிதன்று. ஆயினும், மக்களின் மொழி அறியாமல் அவர்களின் துன்பத்தை அறிய இயலாது என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

ஜெஸ்ஸி பிராண்டு என்னும் இளைஞர் 1907ஆம் ஆண்டிலேயே தமிழகம் வந்திருந்தார். கட்டடக் கலையும் தச்சுத்தொழிலும் அறிந்தவர். வெப்ப மண்டல நோய்கள்பற்றி ஓராண்டு பயின்றவர். சேந்தமங்கலத்தில் பணியாற்றியபோது, மலையிலிருந்து இறங்கிவரும் மக்களின் நிலையைக் கண்டு, மலைமேலேயே சென்று தங்க அவர் உறுதிபூண்டார். அவ்வுறுதி எவலினையும் ஈர்த்தது. இருவரும் 1913ஆம் ஆண்டு சேந்தமங்கலத்தில் திருமணம் செய்துகொண்டனர். மணம் முடித்த கையோடு, கொட்டும் மழையில் மலையேறினர். வாழவந்தி என்னும் இடத்தில் ஜெஸ்ஸி தம் கையாலேயே கட்டிய மரவீடு அவர்களுக்காகக் காத்திருந்தது. கரையானுக்கும் ஈரத்துக்கும் தப்பும்வண்ணம் தூண்களின்மேல் உயர்த்திக் கட்டப்பட்ட எளிய வீடு அது.

நம்பிக்கை பெற்ற வரலாறு

மலைமக்கள் அவர்களை உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. அதில் வியப்பும் இல்லை. வெளியிலிருந்து வந்தோரால் நன்மையைவிட இழப்பையே மிகுதியாகக் கண்டவர்கள் அவர்கள். கோவில் பூசாரி ஒருவர் இவர்களை நெருங்கவேண்டாம் என மக்களைத் தடுத்துவந்தார். ஒருமுறை கடுங்காய்ச்சல் பரவியபோது அப்பூசாரியும் நோயுற்றார். பிறர் நெருங்க அஞ்சிய வேளையில் பிராண்டு இணையர் அவருடைய குடிசைக்குச் சென்று உடனிருந்தனர். இறக்கும் தறுவாயில் அவர் தம் பெண்குழந்தையை அவர்களிடமே ஒப்படைத்தார். யாரை ஐயுற்றாரோ அவர்களையே தம் மகளுக்குத் துணையாகத் தேர்ந்தார். அச்செய்தி மலையெங்கும் பரவியது. மக்களின் மனக்கதவும் மெல்லத் திறந்தது.

அதன்பின் பணி பலதுறைகளில் விரிந்தது. பிள்ளைகளுக்குப் பள்ளிகள் தொடங்கப்பட்டன. தச்சுத்தொழிலும் நெசவும் கற்பிக்கப்பட்டன. பட்டுப்புழு வளர்ப்பும் ஆரஞ்சு வகை மரங்களின் சாகுபடியும் அறிமுகமாயின. ஆதரவற்ற குழந்தைகள் அம்மையாரிடம் அடைக்கலம் பெற்றனர். நோயாளிகள் வரும்வரை காத்திராமல், இருவரும் சிற்றூர் சிற்றூராக நடந்து சென்று மருந்தளித்தனர்.

நோயின் வேரைத் தேடி

மலைமக்களைப் பெரிதும் வாட்டிய நோய்களுள் ஒன்று நரம்புச் சிலந்தி. நீளமான புழு ஒன்று காலின் தோலைத் துளைத்து வெளிவரும். இழுத்தால் அறுந்து, புண் சீழ்பிடிக்கும். சிறு குச்சியில் நாள்தோறும் சிறிது சிறிதாகச் சுற்றி எடுப்பதே வழி. ஜெஸ்ஸியும் எவலினும் பொறுமையுடன் அதனைச் செய்தனர். ஆயினும், ஒருவருக்கு நலமாகும்போது வேறு பலர் நோயுற்றனர். நோயின் வேர் காலில் இல்லை, கிணற்றில் இருந்தது என்பதை அவர்கள் அறிவர்.

படிகளில் இறங்கி நீர் முகக்கும் கிணறுகளில், புண்பட்ட கால்கள் நனைந்தன. அந்நீரையே அனைவரும் பருகினர். எனவே, கிணறுகளைச் சுற்றிக் கல்சுவர் எழுப்பவும், நீரில் இறங்காமல் வாளியிட்டு இறைக்கவும், நீரைத் துணியால் வடிகட்டிப் பருகவும் மக்களுக்குக் கற்பித்தனர். வழிவழியாக வந்த பழக்கத்தை மாற்றுவது மருந்து கொடுப்பதைவிடக் கடினமான பணி. ஊர் ஊராகச் சென்று, சொன்னதையே மீண்டும் மீண்டும் சொல்லவேண்டியிருந்தது. அம்மையார் அப்பணியைத் தம் முதுமை வரை விடவில்லை.

தெரிந்து தெளிவோம்

நரம்புச் சிலந்திப் புழுவின் இளம்புழுக்கள் நீரிலுள்ள நுண்ணிய உயிரிகளின் உடலில் வளர்கின்றன. அந்நீரைப் பருகுவோரின் உடலில் புகுந்து, ஏறத்தாழ ஓராண்டுக்குப் பின் ஒரு மீட்டர் நீளம் வரை வளர்ந்த புழுவாக வெளிப்படுகின்றன. எரிச்சல் தணியக் காலை நீரில் நனைக்கும்போது, புழு மீண்டும் இளம்புழுக்களை நீரில் விடுகிறது. இந்நோய்க்குத் தடுப்பூசி இல்லை. தூய குடிநீரே தடுப்பு. 2000ஆம் ஆண்டில் இந்தியா இந்நோயிலிருந்து விடுபட்ட நாடாக அறிவிக்கப்பட்டது.

சேறு கற்பித்த பாடம்

1914ஆம் ஆண்டு இவர்களுக்குப் பால் என்னும் மகனும், பின்னர்க் கோனி என்னும் மகளும் பிறந்தனர். மலைச்சிறுவர்களோடு தமிழ் பேசி, மரமேறி, வயலில் விளையாடி அவர்கள் வளர்ந்தனர். ஒருநாள் பாலும் தோழர்களும் படிக்கட்டுபோல் அமைந்த நெல்வயலில் தவளை பிடித்துச் சேற்றைக் கலக்கினர். வயல்களைக் காத்துவந்த முதியவர் ஒருவர் அங்கு வந்தார். கலங்கிய நீரோடு வரப்பைத் தாண்டிக் கீழே வழிந்தோடும் சேற்றை அவர்களுக்குக் காட்டினார். அச்சேறுதான் ஊரார்க்குச் சோறிடும் மண் என்றும், ஒருமுறை மலையிலிருந்து இறங்கிய மண் மீண்டும் மலையேறாது என்றும் எடுத்துரைத்தார். அப்பாடத்தைப் பால் தம் வாழ்நாள் முழுதும் மறக்கவில்லை. முதுமையில் அதனைக் கட்டுரையாகவும் எழுதினார். கற்பிக்க வந்த குடும்பம் கற்றுக்கொண்டதும் உண்டு என்பதற்கு இந்நிகழ்ச்சி சான்றாகும்.

பிரிவும் இழப்பும்

தொண்டு வாழ்வு விலையின்றி வருவதில்லை. கல்வியின்பொருட்டு 1923ஆம் ஆண்டு பிள்ளைகள் இருவரையும் இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்று, உறவினரிடம் விட்டுவிட்டு, தாயும் தந்தையும் கொல்லிமலைக்குத் திரும்பினர். அப்போது பாலின் வயது ஒன்பது. மலையின் மரங்களையும் பூச்சிகளையும் பறவைகளையும் விவரித்துத் தந்தை எழுதிய கடிதங்களே மகனுக்குத் தந்தையின் உறவாயின. ஊரார் பிள்ளைகளை அணைத்த தாய், தம் பிள்ளைகளின் வளர்ச்சியைத் தொலைவிலிருந்தே அறியவேண்டியிருந்தது. அவ்வேதனை அவர் உள்ளத்தில் என்றும் ஆறாத வடுவாயிற்று.

1929ஆம் ஆண்டு சூன் திங்களில் ஜெஸ்ஸி மலேரியாவின் கொடிய வடிவமான கருநீர்க் காய்ச்சலால் இறந்தார். அவருக்கு வயது 44. மலைமக்கள் அவரை வாழவந்தியிலேயே அடக்கம் செய்தனர். மரணச்செய்தி தந்திவழி சென்றடைந்தபின்னும், அவர் முன்னரே எழுதிய கடிதம் கப்பலில் பயணித்து மகனின் கையை அடைந்தது. எவலின் இங்கிலாந்து சென்றார். துயரால் மெலிந்த அவரைக் கண்டோர், இனி அவர் திரும்பமாட்டார் என்றே கருதினர். ஆனால், அவர் திரும்பினார்.

ஓய்வில் தொடங்கிய பணி

அவரை அனுப்பிய அமைப்பு, தனித்த பெண்ணை மலைக்கு அனுப்பத் தயங்கியது. ஆகவே, நெடுங்காலம் சமவெளியிலேயே அவர் பணியாற்ற நேர்ந்தது. அறுபத்தெட்டாம் வயதில் ஓய்வுபெறுமாறு அறிவுறுத்தப்பட்டார். இன்னும் ஓராண்டு மட்டும் பணியாற்ற இசைவு பெற்ற அவர், மலையில் சிறுகுடில் அமைக்கத் தேவையான மரங்களைச் சிறிது சிறிதாக மலைக்கு அனுப்பிவந்தார். ஓராண்டு முடிந்தது. விடைகொடுக்கக் கூடியிருந்தோர் வியக்கும்வண்ணம், இனித் தாம் எவருடைய பணியாளரும் அல்லர் என்றும், மலையிலேயே வாழப்போவதாகவும் அறிவித்தார். பிடிவாதக்காரர் என்று பலர் அவரைக் குறைகூறியதுண்டு. அப்பிடிவாதமே பல மலையூர்களுக்கு மருந்தாகவும் எழுத்தாகவும் சென்று சேர்ந்தது.

ஜெஸ்ஸியும் அவரும் ஐந்து மலைகளில் பணியாற்ற ஒருகாலத்தில் திட்டமிட்டிருந்தனர். கணவர் காணாமற்போன கனவை அம்மையார் தனியே தொடர்ந்தார். கொல்லிமலையிலிருந்து கல்வராயன் மலைக்கும் பிற மலைகளுக்கும் மட்டக்குதிரையில் பயணம் செய்தார். பலமுறை கீழே விழுந்தார். எழுபத்தைந்து வயதையொட்டி இடுப்பெலும்பு முறிந்தது. இரண்டு மூங்கில் கோல்களை ஊன்றி மீண்டும் மலையேறினார். அதற்குள் மகன் பால், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளின் முடங்கிய கைகளை அறுவை மருத்துவத்தால் இயங்கச்செய்து உலகப்புகழ் பெற்றிருந்தார். தாயைத் தம்முடன் தங்கி ஓய்வெடுக்குமாறு அவர் வேண்டினார். மலைக்கு வேறு யார் செல்வார் என்பதே தாயின் விடையாக இருந்தது.

இளமையில் அழகோடும் அலங்காரத்தோடும் வாழ்ந்த அவர், தம் குடிலில் முகம் பார்க்கும் கண்ணாடியும் வைத்துக்கொள்ளவில்லை. சுருக்கம் விழுந்த அம்முகத்தை மலைமக்கள் தம் பாட்டியின் முகமாகவே கண்டனர். பிராண்டு பாட்டி என்னும் பொருள்படும் பெயரே உலகெங்கும் அவருக்கு நிலைத்தது. தொண்ணூறு வயதைக் கடந்து, குதிரையேற இயலாமற் போனபோது, ஊரார் அவரைத் தோளில் சுமந்து ஊர்தோறும் கொண்டு சென்றனர்.

மண்ணோடு மண்ணாய்

1974ஆம் ஆண்டு திசம்பர் 18ஆம் நாள், தொண்ணூற்றைந்தாம் வயதில் அம்மையார் மறைந்தார். அவர் விருப்பப்படி உடல் பேழையில் வைக்கப்படவில்லை. எளிய பருத்தித் துணியில் சுற்றி, கணவரின் கல்லறைக்கு அருகே மண்ணுள் வைக்கப்பட்டது. பேழைக்கென ஒரு மரத்தையும் வீணாக்க அவர் விரும்பவில்லை. மலை தமக்குத் தந்ததை மலைக்கே திருப்பியளித்தார்.

பிறருக்கு உதவ விழையும் இளையோர்க்கு அவர் வாழ்வு உணர்த்துவது யாது? செல்லும் இடத்தின் மொழியைக் கற்றல், விளைவைக் காணும்வரை நிலைத்திருத்தல், நோய்க்கு மருந்திடுவதோடு நில்லாது அதன் வேரைக் களைதல், கற்பிக்கும் முன் கற்றுக்கொள்ள முன்வருதல் ஆகியன தொண்டின் இலக்கணம். கடல் கடந்து சென்றால்தான் தொண்டு என்பதில்லை. இலண்டனில் பிறந்த ஒருவருக்குக் கொல்லிமலை தொலைவாகப்படவில்லை. அதன் அடிவாரச் சமவெளியில் பிறந்த நமக்கு அம்மலை எத்துணைத் தொலைவு என்பதை நாமே எண்ணிப் பார்த்தல் வேண்டும்.