செங்கிஸ்கானின் தளபதி சுபுதை



செங்கிஸ்கானை நம்ம எல்லோருக்கும் தெரியும். அவருடைய தளபதி சுபுதையைத் தெரியுமா? அவரைப் பற்றிப் படித்தபோது எனக்கு ரொம்ப ஆச்சரியமாக இருந்தது. அதான் உங்களுக்கும் சொல்கிறேன்.

சுபுதை சுமார் 1175-ல் மங்கோலியாவில் பிறந்தார். உரியாங்கை குலத்தவர். அரச வம்சம் கிடையாது. இளம் வயதிலேயே செங்கிஸ்கானிடம் சேர்ந்தார். செங்கிஸ்கான் பிறப்பைப் பார்க்காமல் திறமையைப் பார்த்து அவரைத் தளபதியாக உயர்த்தினார்.

1206-ல் செங்கிஸ்கான் தன் படையைப் பத்துப் பத்தாகப் பிரித்து அமைத்தார். 10 பேருக்கு ஒரு தலைவன். அப்புறம் 100, 1000, கடைசியில் 10,000. இந்தப் பத்தாயிரத்துக்குப் பெயர் தூமன். வெவ்வேறு குலத்தாரை ஒன்றாகக் கலந்ததால் பழைய குலச்சண்டை குறைந்தது. ஒருத்தன் பயந்து ஓடினால் அந்தப் பத்துப் பேருக்குமே தண்டனை! ஒவ்வொரு வீரனுக்கும் பல குதிரைகள். ஒன்று களைத்தால் அடுத்ததில் ஏறிக்கொள்வான்.

தோற்று ஓடுவதுபோல் நடிப்பது அவர்களுடைய தந்திரம். 1223-ல் கல்கா ஆற்றுப் போரில் சுபுதையும் ஜெபேயும் இதைத்தான் செய்தார்கள். ருஷ்ய இளவரசர்கள் ஒரு வாரத்துக்கு மேல் துரத்தினார்கள். அவர்கள் படை நீண்டு சிதறியது. உடனே மங்கோலியர் திரும்பி அடித்தார்கள். அவ்வளவுதான்!

1241 ஏப்ரல் 9-ல் ஒரு மங்கோலியப் படை போலந்தில் வென்றது. இரண்டே நாளில், ஏப்ரல் 11-ல், ஹங்கேரியில் மோகி என்ற இடத்தில் இன்னொரு வெற்றி. அங்கே பட்டு கான் பாலத்தில் நேராக மோதினார். சுபுதையோ ஆற்றின் கீழ்ப்பக்கம் வேறு பாலம் கட்டிக் கடந்து வந்தார். எதிரியைச் சுற்றி வளைத்து, ஒரு பக்கம் மட்டும் வழி விட்டார்கள். இரக்கப்பட்டு இல்லை, ஓடுகிறவர்களை வழியிலேயே கொல்வதற்கு! அப்போது சுபுதைக்கு அறுபது வயதுக்கு மேல். 1248-ல் அவர் இறந்தார்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 1233-ல் சீனாவின் கைஃபெங் நகரம் சுபுதையிடம் வீழ்ந்தது. எதிர்த்து நின்ற நகரம் என்பதால் மக்களை எல்லாம் கொன்றுவிட அவர் ஓகோதை கானிடம் அனுமதி கேட்டார். யெலு சூசாய் என்ற அமைச்சர் தடுத்தார். கைவினைஞர்களும் செல்வமும் உள்ள ஊரை அழித்தால் என்ன மிஞ்சும் என்று எடுத்துச் சொன்னார். கானும் ஒத்துக்கொண்டார். பல லட்சம் உயிர்கள் பிழைத்தன.

சுபுதையின் மூளையைப் பார்த்து நான் வியக்கிறேன். ஆனால் எனக்குப் பிடித்தவர் அந்த அமைச்சர்தான். வாள் எடுக்காமலேயே ஒரு நகரத்தைக் காப்பாற்றியவர் ஆச்சே!

உங்களுக்கு யாரைப் பிடிக்கும்? சிந்தியுங்கள் நண்பர்களே!