ரஸாயன நிபுணர் ஞானசந்திர கோஷ்

1955 ஜனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மகாசபை, சோஷலிஸ மாதிரிச் சமுதாயமே தேசத்தின் லட்சியம் என்று தீர்மானித்தது. அதே ஆண்டில் திட்டக் கமிஷனில் அங்கத்தினரானவர் ரஸாயன நிபுணர் ஞானசந்திர கோஷ். ஆவடித் தீர்மானத்தை நினைவில் வைத்திருக்கும் நம்மவர், இவரை ஏறக்குறைய மறந்தே விட்டனர். இது தகாது என்று கருதுகிறோம்.

1894ல் புருலியாவில் பிறந்த கோஷ், கல்கத்தா பிரஸிடென்ஸி கலாசாலையில் ஆசாரிய பிரபுல்ல சந்திர ராயிடம் பயின்றார். மேகநாத ஸாஹாவும் ஸத்தியேந்திரநாத் போஸும் அவருடைய சகபாடிகள். வீரியமிக்க மின்பகு திரவங்களைப் பற்றி 1918ல் அவர் வெளியிட்ட கொள்கை மேல்நாட்டுப் பண்டிதர்களின் கவனத்தைக் கவர்ந்தது. 1923ல் டெபை, ஹுக்கெல் இருவரின் கொள்கை அதன் ஸ்தானத்தைப் பெற்றது. ஆயினும் கோஷின் உழைப்பு ஓயவில்லை. 1921 முதல் டாக்கா சர்வகலாசாலையில் போதித்தவர், 1939ல் பெங்களூர் விஞ்ஞான ஸ்தாபனத்தின் டைரக்டரானார்.

நிலக்கரி நிறைந்தும் பெட்ரோல் அருகியும் உள்ள தேசம் நமது. நிலக்கரியிலிருந்து கிடைக்கும் ஹைட்ரஜனையும் கார்பன் மோனாக்ஸைடையும் கோபால்ட், இரும்பு போன்ற உலோகங்களின் மேல் செலுத்தினால் எண்ணெய் உண்டாகும். இவ்வாயுக்கள் உலோகத்தில் எவ்விதம் ஒட்டுகின்றன என்பதை அவரும் மாணாக்கர்களும் ஆராய்ந்தனர்.

இதன் சூட்சுமம் எளியது. ஹைட்ரஜன் மூலக்கூறு இரண்டு அணுக்கள் இறுகப் பிணைந்த ஜோடி. வெறும் வெப்பத்தால் அதைப் பிரிக்க ஆயிரக்கணக்கான டிகிரி உஷ்ணம் வேண்டும். நிக்கல், பிளாட்டினம் போன்ற உலோகத்தின் மேலோ சுலபமாகப் பிரிந்துவிடும். உலோகத்தின் பிடி தளர்ந்தால் ஜோடி பிரியாது. மிக இறுகினால் பிரிந்த அணு வேறு வேலைக்கு உதவாது. இரண்டுக்கும் நடுவிலுள்ள உலோகத்தைக் கண்டெடுப்பதே வித்தை. உரத்துக்கு வேண்டிய அம்மோனியாவும் இவ்வித்தையின் பலனே.

கோஷ் காலத்தில் ஒவ்வோர் உலோகத்தையும் தயாரித்துச் சோதித்தே அறிய வேண்டியிருந்தது. இன்று கணிப்பொறி முன்கூட்டியே வழி காட்டுகிறது. பொன்னின் மேல் ஹைட்ரஜன் பிரியாததும் பிளாட்டினத்தின் மேல் பிரிவதும் ஏன் என்று, 1995ல் ஹாமர், நோர்ஸ்கோவ் என்ற இரு அறிஞர்கள் கணக்கிட்டே விளக்கினர். எனினும் முடிவான தீர்ப்பு சோதனைச் சாலையினுடையதே.

1931ல் தேசபக்தர் இருவர் சுட்டுக் கொல்லப்பட்ட ஹிஜ்லி சிறை முகாமில், நாட்டின் முதல் ஐ.ஐ.டி. தோன்றியது. 1950ல் அதன் முதல் டைரக்டராக அமர்ந்தவர் கோஷ். 1959 ஜனவரியில் அவர் காலமானார்; அவ்வாண்டே சென்னை ஐ.ஐ.டி.யும் பிறந்தது. வினையூக்கி ஆராய்ச்சிக்கென ஒரு தேசிய மையம் இன்று அங்கே உண்டு.

கச்சா எண்ணெயில் பெரும்பகுதியை நாம் இன்னும் அன்னிய நாடுகளிடமே வாங்குகிறோம். அரிய பிளாட்டினத்தின் வேலையை மலிவான உலோகத்தால் செய்விக்க வழி கண்டால் ஹைட்ரஜன் நமக்குப் பெருந்துணையாகும். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வாலிபர்களுக்கு உலோகத்தைப் பக்குவப்படுத்தும் பட்டறைகளும் கணிதம் போதிக்கும் கல்லூரிகளும் கூப்பிடு தூரத்திலேயே இருக்கின்றன. இவ்விரண்டையும் இணைப்பவரே கோஷின் வாரிசு ஆவார். தீர்மானம் நிறைவேறிய மண்ணிலிருந்தே அவர் தோன்ற வேண்டுமென்று விரும்புகிறோம்.